225 டாலர் கிடாரும் 500 டாலர் கழுத்தும்

சிகாகோவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஜாஸ் பேண்டில் கிடார் வாசிக்க இடம் கிடைத்திருக்கிறது. 'பழைய ஆர்ச்டாப் கிடார் ஒன்று இருந்தால் நல்லது' என்று அங்கே சொல்லிக்கொடுப்பவர் சொன்னாராம். வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஒருவர் தன் தாத்தாவின் ஹார்மனி கிடாரை 225 டாலருக்கு விற்கிறார். 1950-களில் செய்தது. 'நல்ல நிலையில் உள்ளது, கம்பி மட்டும் மாற்ற வேண்டும்' என்று விளம்பரம். கூடவே நான்கு போட்டோக்கள்.

"சார், வாங்கலாமா? புதுசு வாங்க இப்போதைக்கு வசதி இல்லை. இதை வாங்கிவிட்டு மறுபடியும் செலவு வந்தால் எங்களால் தாங்க முடியாது" என்று கேட்கிறார்.

போட்டோக்களைப் பார்த்தேன். அழகான கிடார்தான். முன்பக்கம் இருக்கிறது, பின்பக்கம் இருக்கிறது, தலை இருக்கிறது, பெட்டி இருக்கிறது. நான் பார்க்க விரும்பிய இடம் மட்டும் இல்லை. கிடாரைப் பக்கவாட்டில் வைத்து, கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று காட்டும் போட்டோ அது. விலை 225 டாலரா, 800 டாலரா என்பதை முடிவு செய்வது அந்த இடைவெளிதான். எனவே, 'வாங்குங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நேரில் போய் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

அதற்கு முன், ஆர்ச்டாப் என்றால் என்ன என்று கேட்கும் மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம்.

வயலினுக்கு உறவுக்காரன்

நாம் வழக்கமாகப் பார்க்கும் கிடாரின் முகப்பலகை தட்டையாக இருக்கும். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. ஆர்ச்டாப் அப்படி இல்லை. வயலின் மாதிரி முகப்பலகை நடுவில் மேடாகப் புடைத்திருக்கும். வட்ட ஓட்டைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளைகள். குதிரையும் வயலினில் இருப்பது போலத்தான். ஒட்டியிருக்காது, கம்பிகளின் அழுத்தத்தில் நிற்கும். கம்பிகளை எல்லாம் கழற்றினால் குதிரை கையோடு வந்துவிடும்.

மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ நகரில் இருந்த ஆர்வில் கிப்ஸன், முகப்பலகையை வயலின் போலச் செதுக்கி மாண்டலினும் கிடாரும் செய்யத் தொடங்கியவர். 1898-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரில் உருவான நிறுவனம் 1922-ல் எல்-5 என்ற மாடலைக் கொண்டுவந்தது. எஃப் துளைகள் வந்தது அதில்தான். மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் மேடைக்கு வராத காலம். டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முழங்கும் இடத்தில் கிடார் கேட்க வேண்டும் என்றால், கணீரென்று வெட்டிக்கொண்டு வரும் சத்தம் வேண்டும். அதை இது கொடுத்தது. கவுன்ட் பேஸி குழுவில் 1937-ல் சேர்ந்த ஃப்ரெடி கிரீன், 1987-ல் இறக்கும் வரை கிட்டத்தட்ட 50 வருடம் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் இதைத்தான் வாசித்தார். சோலோ வாசிப்பது அபூர்வம். தாளத்துக்கு நாலு தட்டு, அவ்வளவுதான். அந்த நாலு தட்டின் மேல்தான் முழு பேண்டும் உட்கார்ந்திருந்தது.

எல்-5 பணக்காரப் பொருள். சாதாரணக் குடும்பங்களுக்கு ஆர்ச்டாப் கொண்டுபோய்ச் சேர்த்தவை சிகாகோ தொழிற்சாலைகள். முக்கியமாக ஹார்மனியும் கேயும். ஹார்மனி 1892-ல் தொடங்கியது. 1916-லிருந்து 1940 வரை சியர்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. தபாலில் கேட்லாக் வரும், பார்த்துப் பணம் அனுப்பினால் கிடார் வீட்டுக்கு வரும். சியர்ஸ் தன் பெயரில் விற்றவற்றில் முதலில் 'சூப்பர்டோன்' என்றும், பிறகு 'சில்வர்டோன்' என்றும் எழுதியிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்தச் சிகாகோ சரக்குதான். கேய் 1960-களின் கடைசியிலும், ஹார்மனி 1975-லும் மூடப்பட்டன.

இவ்வளவு விற்ற பொருள் என்பதால்தான் இன்றும் பரண்களிலும் கட்டிலுக்கு அடியிலும் இவை கிடைக்கின்றன. 1939-ல் பெனி குட்மன் குழுவில் சார்லி கிறிஸ்டியன் எலெக்ட்ரிக் கிடாரோடு வந்து உட்கார்ந்த பிறகு, மின்சாரம் இல்லாத ஆர்ச்டாப்புக்கு மவுசு மெல்ல மெல்லக் குறைந்தது. விலை குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இவற்றில் மலிவானவற்றின் முகப்பலகை செதுக்கியது அல்ல. பலகையைச் சூடாக்கி அச்சில் அழுத்தி வளைத்தது. கேயில் நிறைய பிளைவுட். ஹார்மனியின் கீழ்த்தட்டு மாடல்கள் பிர்ச் மரம், மேல்தட்டு மாடல்கள் ஸ்ப்ரூஸ். ஓரத்தில் வெள்ளைக் கோடு, உடம்பில் புலி வரி போன்ற மர இழை எல்லாம் பல மாடல்களில் பெயின்ட்தான்! நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும். பெயின்ட் என்பதால் ஒதுக்க வேண்டாம். பிர்ச் உடம்போடு நன்றாகப் பேசும் கிடார்கள் இருக்கின்றன.

முதலில் கழுத்து, அப்புறம்தான் மற்றது

வீணை வாசிக்கும் வீடுகளில் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். மெழுகில் பதித்த மேளம் வருடங்கள் போகப் போக இறங்கிவிடும். ஆள் வைத்துத் திரும்ப மேளம் கட்ட வேண்டும். பழைய கிடாருக்கும் அந்த மாதிரி ஒரு நோய் உண்டு. ஆறு கம்பிகளும் வருடக்கணக்கில் கழுத்தை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கழுத்து உடம்போடு சேரும் கோணம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. கம்பிகள் ஃப்ரெட்டை விட்டு மேலே எழும்பிவிடுகின்றன. அப்புறம் கம்பியை அழுத்தினால் விரல் கிழியும், சுருதியும் சேராது.

வீணைக்கு மெழுகை இளக்கினால் போதும். கிடாருக்குக் கழுத்தையே நீராவி காட்டிக் கழற்றி, அடியைச் சீவி, சரியான கோணத்தில் திரும்ப ஒட்ட வேண்டும். 'நெக் ரீசெட்' என்பார்கள். அமெரிக்காவில் நல்ல கைக்குப் போனால் சுமார் 400 முதல் 700 டாலர் வரை ஆகும். அதாவது, கிடாரின் விலையை விட அதிகம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. தாத்தாவின் கிடாரை எடுத்து வைத்திருக்கும் பேரனுக்கு இது தெரியாமலே இருக்கலாம்.

கிளம்பும்போது ஒரு 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், 60 செ.மீ.க்குக் குறையாத ஒரு நேரான நீளப் பட்டை, அளவு டேப், ஒரு சின்ன டார்ச், புதுக் கம்பி ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி 12 அளவுக்கு மேல் வேண்டாம். 11 இன்னும் பத்திரம். போன் செய்யும்போதே, "கம்பி போட்டுச் சுருதி சேர்த்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். 'கழுத்து கெடக் கூடாது என்று கம்பியைத் தளர்த்தி வைத்திருக்கிறேன்' என்று பதில் வந்தால், நல்லது என்று சொல்லிவிட்டு, நேரில் முறுக்கிப் பாருங்கள். தளர்ந்த கம்பியில் எல்லாக் கழுத்தும் நல்ல கழுத்துதான்.

சுருதி சேர்த்த பிறகு 12-வது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்கேலை நிறுத்துங்கள். தடித்த கம்பியின் அடிப்பாகம் ஃப்ரெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? 2.5 மி.மீ. சுற்றி இருந்தால் சந்தோஷம். 3 வரை பரவாயில்லை. 4-ஐத் தாண்டினால் உடனே குதிரையைப் பாருங்கள்.

குதிரையின் இரண்டு பக்கமும் திருகு தண்டில் சின்னச் சக்கரங்கள் இருக்கும். அவற்றைத் திருகித்தான் உயரத்தைக் கூட்டுவது, குறைப்பது. சக்கரங்கள் மேலே நிற்கின்றன, கீழே இறங்க இன்னும் இடம் இருக்கிறது என்றால் பயமில்லை. இறக்கிவிடலாம். 12-வது ஃப்ரெட்டில் 1 மி.மீ. குறைய, குதிரையில் 2 மி.மீ. இறக்க வேண்டும், இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்கள் அடிவரை இறங்கிவிட்டன, அப்படியும் கம்பி 4 மி.மீ. உயரத்தில் நிற்கிறது என்றால், அந்தக் கழுத்துக்கு நெக் ரீசெட் வேண்டும். வேறு வைத்தியம் இல்லை. குதிரையின் அடிப்பலகை சந்தேகப்படும்படி மெலிந்திருந்தால், யாரோ ஏற்கெனவே அதைத் தேய்த்துச் சமாளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் உண்டு. நீளப் பட்டையை ஃப்ரெட்டுகளின் மேல் கழுத்தோடு படுக்க வைத்துக் குதிரை வரை நீட்டுங்கள். பட்டையின் முனை குதிரையின் தலையை ஒட்டி வந்தால் நல்ல கோணம். குதிரையின் இடுப்பில் போய் முட்டினால் விட்டுவிட வேண்டியதுதான்.

'ஃப்ரெடி கிரீனே கம்பியை உயரமாக வைத்துத்தான் வாசித்தார், தெரியுமா?' என்று விற்பவர்கள் சிலர் சொல்வார்கள். உண்மைதான். அவர் விரல் வேறு. 16 வயதுப் பெண்ணின் விரல் வேறு. வலியால் கிடாரை மூலையில் வைத்துவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோணம் சரியாக இருந்தாலும் கழுத்து வில்லாக வளைந்திருக்கலாம். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடம்போடு சேரும் 14-வது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், 6 அல்லது 7-வது ஃப்ரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் போதும். நாணயம் நுழைகிறது என்றால் வளைவு அதிகம். புதுக் கிடார்களில் உள்ளே டிரஸ் ராட் என்ற கம்பி இருக்கும், திருகினால் நேராகும். ஹார்மனியில் பலவற்றின் தலையில் 'ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்' என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். உள்ளே இரும்பு இருக்கிறது, ஆனால் அதைத் திருக முடியாது என்பதுதான் அதன் பொருள்.

கழுத்தின் அடிப்பாகம் உடம்போடு சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஸ்க்ரூவோ போல்ட்டோ தெரிந்தாலும், பளபளவென்று பிசின் வழிந்து காய்ந்திருந்தாலும், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பழைய வஜ்ரம் சூட்டுக்கு இளகும். எபாக்ஸி இளகாது. எபாக்ஸி போட்ட கழுத்தை நல்ல ரிப்பேர்காரர்கள் தொடவே யோசிப்பார்கள்.

பயமுறுத்தும், ஆனால் பயப்பட வேண்டாதவை

வாங்கப் போகிறவர்கள் பொதுவாக எதைப் பார்த்துப் பின்வாங்குகிறார்கள்? கீறல், மங்கிய பாலிஷ், உடைந்த சாவிப் பிடி. இவை எல்லாம் விலையைக் குறைக்கத்தான் உதவும். கம்பி முறுக்கும் சாவிகளின் பிளாஸ்டிக் பிடிகள் அந்தக் காலத்துக் கிடார்களில் பொடிப்பொடியாக உதிரும். மொத்த செட்டையே மாற்ற 20 முதல் 40 டாலர்தான். பின்பலகை ஓரத்தில் விட்டுப்போயிருந்தால், யாரும் கண்டபடி பசை தடவாத வரை, எளிதாக ஒட்டிவிடலாம். மர இழை ஓடும் திசையிலேயே போகும் மெல்லிய வெடிப்பும் அப்படித்தான்.

முகப்பலகை குதிரைக்குக் கீழே உள்வாங்கியிருந்தால் மட்டும் கவனம். புடைத்திருக்க வேண்டிய இடம் அது. கிடாரைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வாலிலிருந்து தலையை நோக்கிப் பாருங்கள். எஃப் துளையின் ஒரு விளிம்பு மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால், உள்ளே தாங்கும் கட்டை விட்டுப்போயிருக்கலாம். விரல் முட்டியால் முகப்பலகையை அங்கங்கே தட்டுங்கள். தேங்காய் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிது இல்லை. ஒரே மாதிரி ஒலித்தால் சரி. எங்காவது சலசலத்தால் கட்டை ஆடுகிறது.

எஃப் துளைக்குள் டார்ச் அடித்தால், ஹார்மனியில் மை முத்திரைகள் தெரியும். எச் என்ற எழுத்துக்குப் பிறகு வருவது மாடல் எண். எஃப்-56, எஸ்-62 மாதிரி இருந்தால், கடைசி இரண்டு எண்கள் வருடம். 'அம்பதுகளில் செய்தது' என்று விளம்பரம் சொல்வது சரிதானா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு சந்தோஷமான குறை சொல்கிறேன். 'சுருதியே சேர மாட்டேன் என்கிறது' என்று சொல்லி விற்கப்படும் ஆர்ச்டாப்புகளில் பலவற்றில் குதிரை தவறான இடத்தில் நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம். தலைப்பக்க நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை டேப்பால் அளந்து, அங்கிருந்து அதே தூரத்தில், ஒரு மயிரிழை கூடுதலாக, குதிரையை நகர்த்தி வையுங்கள். செலவு பூஜ்யம்.

கம்பிகளுக்குக் கீழே ஆமை ஓடு மாதிரி பளபளக்கும் பிக்கார்டு இருந்தால் மோந்து பாருங்கள். செல்லுலாய்டு செய்வதில் கற்பூரம் சேர்ப்பார்கள். கெட ஆரம்பித்தால் காரமான நெடி அடிக்கும், பக்கத்தில் இருக்கும் உலோகத்தைப் பச்சை பிடிக்க வைக்கும். கழற்றித் தனியே வைத்துவிடுங்கள், கிடார் இல்லாமல் போய்விடாது.

கணக்கு

இந்தத் தரத்து ஹார்மனி, கேய் கிடார்கள் பிர்ச் மாடல் என்றால் சுமார் 100 முதல் 250 டாலர், ஸ்ப்ரூஸ் முகப்பலகை உள்ள நல்ல மாடல் என்றால் 300 முதல் 600 டாலர் வரை போகின்றன. கிப்ஸனின் எல்-48, எல்-50 போன்றவை ஆயிரத்தைத் தாண்டும். அது வேறு உலகம்.

கழுத்து நன்றாக இருக்கிறது என்று வையுங்கள். 225 டாலர், செட்டப் செய்ய சுமார் 60 முதல் 100 டாலர், சாவி மாற்ற 30. எல்லாம் சேர்ந்து 350-ல் முடிகிறது. இந்தப் பணத்துக்கு இது நல்ல பொருள். வேண்டாம் என்றால் பெரிய நஷ்டம் இல்லாமல் விற்கவும் செய்யலாம்.

கழுத்து சரியில்லை என்றால்? 225, ரீசெட்டுக்கு 500, ஃப்ரெட்டும் தேய்ந்து மாற்ற வேண்டியிருந்தால் இன்னொரு 300. ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. வேலை முடிந்த பிறகும் அந்தக் கிடாரை 400-க்குமேல் யாரும் வாங்க மாட்டார்கள். விற்பவர் 100 டாலருக்கு இறங்கி வந்தாலும் வேண்டாம் என்பேன். அந்தத் தாத்தாவின் குடும்பத்துக்கு அது நினைவுச் சின்னம், அவர்கள் செலவு செய்தால் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு அது வாசிக்க வேண்டிய கருவி. சிகாகோ இவை பிறந்த ஊர், இன்னொன்று கிடைக்கும்.

போவதற்கு முன் பள்ளியில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: மகள் ரிதம் மட்டும் வாசிக்கிறாளா, சோலோவும் உண்டா? ரிதம் என்றால் இந்தக் கிடார் பொருத்தம். சோலோவும் உண்டு என்றால் டிரம்ஸுக்கு நடுவே இது கேட்காது. உடம்பில் துளை போடாமல் பிக்கார்டிலோ கழுத்து முனையிலோ தொங்கவிடும் பிக்கப்புகள் இருக்கின்றன, அதற்கும் ஒரு தொகையைக் கணக்கில் சேருங்கள். துளை போட்டுப் பொருத்தும் பிக்கப்புக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை கேட்கும்போது, 'என்ன, இவ்வளவு வறட்சியாக இருக்கிறது?' என்று வீட்டில் கேட்பார்கள். தட்டைக் கிடார் மாதிரி இது ரீங்கரித்துக்கொண்டு நிற்காது. 'டக்' என்று பிறந்து 'டக்' என்று போய்விடும். தனியாகப் பாட்டுக்கு மீட்டிக்கொண்டு உட்கார இது தோதுப்படாது. ஆனால் பேஸும் டிரம்ஸும் சேர்ந்த பிறகு கேளுங்கள், அந்தக் குறுகிய ஒலிதான் தாளத்துக்கு முதுகெலும்பாக நிற்கும்.

வாங்கிவிட்டால் முதல் எதிரி உங்கள் ஊர்க் குளிர்காலம். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்து, மரம் சுருங்கி வெடிக்கும். பெட்டிக்குள் ஒரு ஈரப்பத டப்பா போட்டு 45 முதல் 50 சதவிகிதத்தில் வைத்திருங்கள். ஜனவரியில் காரிலிருந்து எடுத்து வந்ததும் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஒரு மணி நேரமாவது வீட்டுச் சூடு பெட்டிக்குள் மெல்ல ஏறட்டும். இல்லையென்றால் பாலிஷ் முழுக்கக் கண்ணாடி விரிசல் விழும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கிடாரையும் எடுத்து வரலாமா என்று மகள் கேட்பாள். அந்தக் காலத்து ஹார்மனிகள் பலவற்றில் ஃப்ரெட் போர்டு பிரேசில் ரோஸ்வுட் மரம். 1992-லிருந்து அது சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. எல்லை தாண்ட வேண்டுமானால் சான்றிதழ் வாங்க வேண்டும். விமான நிலையத்தில் மரத்துக்குப் பூர்விகம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட, கிடாரை அங்கேயே வைத்துவிட்டு வருவது மேல். இங்கே இருக்கும் நாலு வாரத்துக்கு ஒரு சாதாரண கிடார் இரவல் கிடைக்காமலா போய்விடும்?